மறுபடி வந்தால் மறைக்க வேண்டாம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்ற பெயர் உங்களுக்குப் புதிது இல்லை. முகாம்களில் கேட்டிருக்கிறீர்கள். "முப்பது வயதுக்கு மேல் சோதனை செய்யுங்கள், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும்" என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்கள். அது முதல் பாடம். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது இரண்டாவது பாடம். ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைத்து முடிந்து, வீட்டுக்கு வந்து, மறுபடியும் ஆடு மாடு பார்த்து, குழுக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்த நோய் திரும்ப வந்தால் என்ன செய்வது?

"மறுபடி வந்துட்டா அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு" என்று நம் ஊரில் சொல்வார்கள். இது உண்மையா? முழு உண்மை இல்லை. எது உண்மை, எது பொய் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த அரை மணி நேரம்.

இது யாருக்கு வருகிறது?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது என்றும், சுமார் 80 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கணக்கிட்டிருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்து இதுதான் அதிகம்.

இது சாபத்தால் வருவதில்லை. நடத்தை கெட்டதால் வருவதும் இல்லை. ஹெச்.பி.வி. என்ற ஒரு கிருமியால் வருகிறது. தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கிற பெரும்பாலான ஆண், பெண் உடம்பில் இந்தக் கிருமி எப்போதாவது ஒரு முறை வந்து தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். அப்படித் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றாக மாறுகிறது. இதைக் கண்டுபிடித்த ஜெர்மனி நாட்டு மருத்துவர் ஹெரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே கட்டிய புருஷனோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும். நோய் வந்தவளைப் பார்த்து ஒரு மாதிரிப் பேசுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. அவள் சாப்பிட்ட தட்டில் நாம் சாப்பிடலாம். அவள் பேரப்பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். வெளியிலிருந்து கரண்ட் வைத்து வந்தவள் உடம்பிலிருந்து கதிர் வந்து பிள்ளையைத் தாக்கும் என்பதும் கட்டுக்கதை. மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும்.

ஏன் திரும்பி வருகிறது?

நம் வயலில் கோரை இருக்கிறது. மேலே தெரிகிற புல்லை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு "சுத்தமாயிடுச்சு" என்று வரப்பில் ஏறுகிறோம். கீழே ஒரு கிழங்கு தங்கியிருந்தாலும் போதும், மழை பெய்ததும் மறுபடி முளைத்து நிற்கும். அதற்காக முதலில் களை எடுத்தது வீண் என்று சொல்வோமா? மாட்டோம். எடுத்ததால்தான் பயிர் பிழைத்தது. புற்றும் அப்படித்தான். ஸ்கேனில் தெரியாத அளவுக்கு மிகச் சிறிய அணுக்கள் எங்காவது தங்கியிருந்தால் பின்னால் வளரும். முதல் சிகிச்சையின்போது நோய் எந்த அளவு பரவியிருந்ததோ அதைப் பொறுத்துத்தான் திரும்பி வரும் வாய்ப்பும். ஆரம்ப நிலையில் பிடித்தவர்களுக்கு வாய்ப்பு குறைவு. முற்றிய பிறகு வந்தவர்களுக்கு அதிகம்.

இதில் நம் கையில் இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. முதல் சிகிச்சையை முழுதாக முடிப்பது. வெளியிலிருந்து கொடுக்கும் கரண்ட் பெரும்பாலும் 25 நாள் இருக்கும். வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுவார்கள். பிறகு பிராக்கிதெரபி என்று சொல்லும் உள்கதிர் சிகிச்சை. இவை எல்லாம் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். "பத்து நாள் வெச்சதுலயே ரத்தம் நின்னு போச்சு, இனிமே எதுக்கு?" என்று நடுவில் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. உள்கதிர் சிகிச்சைக்கு வெட்கப்பட்டு, பயந்து போகாமல் இருப்பவர்களும் உண்டு. கிழங்கை எடுக்கிற வேலையே அதுதான்.

கரண்டோடு கீமோவும் சேர்த்துக் கொடுப்பதால் என்ன பலன்? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நோய் முற்றிய நிலையில் வந்த 850 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் ஐந்து வருடம் கழித்து 100-க்கு 46 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவும் சேர்த்துக் கொண்டவர்களில் 54 பேர். நூறு பெண்களில் எட்டு பேர் கூடுதல். எட்டு பேர் என்றால் எட்டு வீட்டுக்கு அம்மா இருக்கிறாள் என்று பொருள்.

எப்போது வரும்? எப்படித் தெரியும்?

திரும்பி வருகிற நோய் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். அதனால்தான் சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஐந்து வருடம் ஆகும் வரை 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடம் ஒரு முறையும் வரச் சொல்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குப் பஸ் செலவு?" என்று தேதியை விடக்கூடாது. நல்லா இருக்கும்போது போவதற்குத்தான் அந்தத் தேதி.

தேதி வரும் வரைக்கும் காத்திருக்காமல் உடனே போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு. இவற்றை ஊக்குநர்கள் குழுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்:

• பெண்ணுறுப்பில் மறுபடியும் ரத்தக் கசிவு, கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல்.
• இடுப்பு, அடிவயிறு, முதுகின் கீழ்ப்பகுதியில் விடாத வலி. இடுப்பிலிருந்து தொடை, கால் வரை இழுக்கிற வலி.
• ஒரு கால் மட்டும் வீங்குதல்.
• சிறுநீர் குறைந்து போதல், சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம்.
• விடாத இருமல், மூச்சு வாங்குதல்.
• கழுத்தில் கட்டி, காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தல்.

இவை எல்லாம் புற்று என்று பயந்துவிடக் கூடாது. கரண்ட் வைத்ததன் பின்விளைவாகவும் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம். மூட்டு தேய்ந்தாலும் இடுப்பு வலிக்கும். எதனால் என்று பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. சொல்லாமல் மறைக்காமல் இருப்பது நம் வேலை. ஒன்று மட்டும் கவனம்: ஒரு கால் வீக்கம், கால் இழுக்கிற வலி, சிறுநீர் குறைவு, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இடுப்புக்குள் நோய் நரம்பையும் சிறுநீர்க் குழாயையும் அழுத்துகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். சிறுநீரகம் கெடுவதற்கு முன்னால் ஒரு சிறு குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றி அதைக் காப்பாற்ற முடியும்.

நம்மில் ஒருவர்

இந்த இடத்தில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சிகிச்சை முடிந்தது. கறவை மாட்டுக்குக் கடன் வாங்கி ஒழுங்காகத் தவணை கட்டி வந்தார். இந்த வருடம் இடது கால் வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துக் கொண்டே இருந்தார். "ஏன் சொல்லலை?" என்று கேட்டோம். அவர் சொன்ன காரணம் மூன்று. முதல் தடவையே நகையெல்லாம் அடகுக்குப் போய்விட்டது, மறுபடி வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் குழுவில் அபராதம், தவணை தவறினால் கடன் தடை. கடைசியாக, "திரும்பி வந்தா வைத்தியமே இல்லைன்னு சொல்றாங்களே, எதுக்குப் போகணும்?"

இப்போது அவருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கீமோ நடக்கிறது. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த மூன்று மாதம் போனது போனதுதான். அவர் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றை வீட்டில் பேசித் தீர்க்கலாம். ஒன்றை டாக்டர் தீர்ப்பார். நடுவில் இருக்கிற ஒன்று நாம் போட்ட விதி. அதை நாம்தான் மாற்ற முடியும். அதற்குக் கடைசியில் வருகிறோம்.

வைத்தியம் இருக்கிறதா?

இருக்கிறது. எந்த வைத்தியம் என்பது இரண்டு கேள்விக்கு வரும் பதிலில் இருக்கிறது. நோய் எங்கே திரும்பி வந்திருக்கிறது? முதலில் என்ன சிகிச்சை எடுத்தார்?

முதலாவது: முதலில் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர். கரண்ட் வைக்கவில்லை. இப்போது இடுப்புப் பகுதிக்குள் மட்டும் திரும்பியிருக்கிறது. இவருக்குக் கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பார்கள். இது வெறும் ஆறுதல் வைத்தியம் இல்லை. முழுக் குணத்தைக் குறி வைத்துக் கொடுக்கும் வைத்தியம். இப்படிப் பிழைத்து நல்லபடியாக இருக்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது: முன்பே முழு அளவு கரண்ட் வைத்தவர். ஒரே இடத்தில் மறுபடி முழு அளவு வைக்க உடம்பு தாங்காது. நோய் நடுப்பகுதியில் மட்டும் இருந்து, இடுப்பு எலும்புச் சுவரைத் தொடாமல், வேறு எங்கும் பரவாமல் இருந்தால், ஒரு பெரிய ஆபரேஷன் உண்டு. கர்ப்பப்பையோடு, தேவைப்பட்டால் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டுவார்கள். பெல்விக் எக்சென்டரேஷன் என்று பெயர். 1948-இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக் இதை முதலில் எழுதினார். அந்தக் காலத்தில் ஆபரேஷனிலேயே இறந்தவர்கள் பலர். இன்றைக்கு அந்த ஆபத்து மிகவும் குறைந்திருக்கிறது. தகுந்தவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் செய்தால் 100-க்கு 30 முதல் 50 பேர் வரை ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள். எல்லோருக்கும் செய்ய முடியாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்ய மாட்டார்கள். வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ்வது லேசான காரியமும் இல்லை. ஆகவே, குடும்பத்தோடு உட்கார்ந்து, டாக்டரிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நோயாளியே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது: நுரையீரல், கழுத்து, எலும்பு, ஈரல் என்று தூரத்தில் பரவியவர். இவருக்குக் கீமோதான் முக்கியம். சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின், அதோடு பேக்லிடாக்சல். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கீமோவோடு சேர்த்தபோது, நடுமட்ட ஆயுள் சுமார் 13 மாதத்திலிருந்து 17 மாதமாகக் கூடியது. இந்த மருந்து நம் நாட்டுக் கம்பெனிகளாலேயே தயாரிக்கப்பட்டு விலை குறைந்திருக்கிறது. 2021-இல் இன்னொரு ஆய்வு வந்தது. பெம்ப்ரோலிசுமாப் என்பது நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே தட்டி எழுப்பிப் புற்றை எதிர்க்க வைக்கும் மருந்து. கீமோவோடு இதைச் சேர்த்தவர்களில் இரண்டு வருடம் கழித்து 100-க்கு 50 பேர் உயிரோடு இருந்தார்கள். சேர்க்காதவர்களில் 40 பேர். ஆனால் இதன் விலை லட்சக்கணக்கில். எல்லோருக்கும் வேலையும் செய்யாது. கட்டியின் துண்டை எடுத்து ஒரு பரிசோதனை செய்து பார்த்துத்தான் பலன் தருமா என்று சொல்வார்கள். நிலத்தை விற்பதற்கு முன்னால், "இது எனக்கு எவ்வளவு பலன் தரும்? காப்பீட்டில் வருமா? இதற்குப் பதில் வேறு என்ன உண்டு?" என்று மூன்று கேள்வியும் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நம் உரிமை.

கீமோ எடுப்பவர்கள் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் குடித்துப் படுக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீமோவில் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது சாதாரணக் காய்ச்சலும் உயிருக்கு ஆபத்து. அதே போல ரத்தம் கட்டி கட்டியாகக் கொட்டினாலும் உடனே போக வேண்டும்.

"எத்தனை நாள் இருப்பேன்?"

இந்தக் கேள்வியை எல்லாப் பெண்களும் மனதில் வைத்திருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பதில்லை. நாம் பொய் சொல்லக் கூடாது. தூரத்தில் பரவித் திரும்பிய நோயைப் பெரும்பாலோருக்கு முழுதாகக் குணப்படுத்த முடிவதில்லை. ஆனால் கட்டுப்படுத்தலாம். இப்போது சொன்னோமே 17 மாதம் என்று, அது எல்லோருக்கும் எழுதி வைத்த கெடு இல்லை. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் கணக்கு அது. ஐம்பது பேர் அதற்கு மேலும் இருப்பார்கள். அவர்களில் சிலர் பல வருடம் இருப்பார்கள். யார் எந்த இடத்தில் நிற்பார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

ஒரு வருடம் என்றால் சிலருக்குச் சிறிதாகத் தெரியும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வருடம் அது. பேரனுக்குக் காது குத்துகிற வருடம் அது. நிலப் பட்டாவில் பெயர் மாற்றி, பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கி, மனதில் உள்ளதைப் பேசி முடிக்கிற வருடம் அது. அந்த வருடத்தை வலியில்லாமல் வாழ வேண்டாமா?

வலியைச் சகித்துக் கொள்வது பெண்ணின் பெருமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புற்று வலிக்கு மார்பின் என்ற மாத்திரை உண்டு. இதை வாங்குவதில் இருந்த சட்டச் சிக்கலைக் குறைக்க 2014-இல் பாராளுமன்றத்தில் சட்டத் திருத்தம் செய்தார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். எலும்பு வலிக்கும், ரத்தக் கசிவுக்கும் குறைந்த நாள் கரண்ட் வைத்தே நிறுத்தலாம். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்பு சேவை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வலி தணிப்பு என்றால் 'கை விட்டுட்டாங்க' என்று அர்த்தம் இல்லை. கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

நோயாளியிடம் சொல்லலாமா?

"அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லாதீங்க" என்று வீட்டார் டாக்டரைக் கெஞ்சுவது வழக்கம். அர்ஜென்டினா நாட்டில் ஈவா பெரோன் என்று ஒரு அம்மையார் இருந்தார். அதிபரின் மனைவி. ஏழைகள் அவரைக் கொண்டாடினார்கள். அவருக்கு இதே நோய். 1951 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து பெரிய டாக்டரை வரவழைத்து ஆபரேஷன் செய்தார்கள். யார் ஆபரேஷன் செய்தார் என்பதும் அவருக்குத் தெரியாது. என்ன நோய் என்றும் அவரிடம் சொல்லவில்லை. நோய் திரும்பி வந்தது. 1952 ஜூலை 26 அன்று, 33 வயதில் இறந்தார். நாட்டையே ஆண்ட வீட்டுப் பெண்ணுக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை கிடைக்கவில்லை. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் அதே கதைதான். தெரிந்தால்தானே அவள் கேள்வி கேட்பாள்? அறிகுறியைச் சொல்வாள்? தனக்கு வேண்டியதை முடிவு செய்வாள்? மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக் கொண்டு சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களிடமும் பேச வேண்டும். கரண்ட் வைத்த பிறகு பெண்ணுறுப்பு வறண்டு, சுருங்கிப் போகும். தாம்பத்தியத்தில் வலி இருக்கும். மாதவிலக்கு நின்று உடம்பு அனலாய்க் கொதிக்கும். அவள் விலகிப் போவது வெறுப்பினால் இல்லை. இதற்கும் களிம்பு, பயிற்சி எல்லாம் டாக்டரிடமும் நர்ஸிடமும் கிடைக்கும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆபரேஷன், கரண்ட், கீமோ இதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு

நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். அம்பிளிக்கையில் உள்ள ஆஸ்பத்திரியும் சேர்ந்து செய்தது. பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவிப் பார்த்துச் சோதனை செய்தார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு பார்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. சோதனை நடந்த கிராமங்களில் இந்த நோய் 25 சதவீதமும், இதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. நம்மைப் போல வயலுக்குப் போகிற பெண்கள்தான் அவர்கள். உலகத்துக்கே பாடம் சொல்லிக் கொடுத்த ஊர்ப் பெண்கள். நோயே வராவிட்டால் திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது? முப்பது வயதான ஒவ்வொரு உறுப்பினரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டும். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி நர்சம்மாவிடம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே! பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேமிக்கத் தொடங்கிய நாம் இன்றைக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிறோம். பாங்க்கில் மானேஜர் எதிரில் நாற்காலியில் உட்காருகிறோம். அந்த பலம் நோயாளிச் சகோதரிக்கும் உதவ வேண்டும். நலவாழ்வுக் குழு நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது.

1. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு வராததற்கான அபராதம் இல்லை. உள்கடன் தவணையை சிகிச்சை முடியும் வரை தள்ளி வைக்கலாம். வங்கிக் கடன் என்றால் குழுவே பாங்க்கில் போய்ப் பேச வேண்டும்.

2. சிகிச்சை முடித்த உறுப்பினர்களின் அடுத்த சோதனைத் தேதியைக் குழுப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும். சேமிப்புத் தேதியை ஞாபகப்படுத்துகிற மாதிரி அந்தத் தேதியையும் ஊக்குநர் ஞாபகப்படுத்த வேண்டும்.

3. ஆஸ்பத்திரிக்குத் துணை போக ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர். முறை வைத்துப் போக வேண்டும். ஒருவர் டாக்டர் சொல்வதைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும்.

4. கூட்டமைப்பில் ஒரு பயண நிதி. உறுப்பினருக்கு மாதம் ஐந்து ரூபாய். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் இதிலிருந்து கடனாக இல்லாமல் உதவியாகக் கொடுக்க வேண்டும்.

ஐந்து ரூபாய் ஒரு டீயின் விலைகூட இல்லை. ஆனால் கால் வீங்கிய ஒரு பெண், மூன்று மாதம் யோசிக்காமல் மறுநாளே பஸ் ஏறுவதற்கு அது போதும். நோய் திரும்பி வருவதை நம்மால் எப்போதும் தடுக்க முடியாது. திரும்பி வந்த நோயோடு ஒரு சகோதரியைத் தனியாக நிற்க வைக்காமல் இருக்க நம்மால் முடியும்.

தீர்மானங்களைச் செயலாளர் இப்போது ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். சந்தேகம் இருந்தால் எழுந்து கேளுங்கள். சம்மதம் இருந்தால் கையைத் தூக்குங்கள்.